பதக்கமும் சொட்டு மருந்தும்

அரபு மொழியில் 'கரம்' என்றால் ஈகை. 'கராமத்' என்றால் கண்ணியம். 'தக்ரீம்' என்றால் ஒருவரைக் கண்ணியப்படுத்துதல். மூன்றும் காஃப், ரா, மீம் என்னும் ஒரே வேரினின்று கிளைத்த சொற்கள். நம்மூர்ப் பேச்சில் கராமத்து என்றால் இறைநேசர்களின் அற்புதத்தையே எண்ணுகிறோம். ஆயின் அகராதியில் அதன் முதற்பொருள் கண்ணியமே. தமிழிலும் இவ்வுறவு காணக்கிடைக்கிறது. திருக்குறளில் ஈகை அதிகாரத்தை அடுத்து நிற்பது புகழ் அதிகாரம். கொடுப்பவனைத் தேடி மதிப்பு வருவது இயல்பு என்பதில் இருமொழிச் சான்றோரும் ஒருமித்தே இருந்தனர் எனலாம்.

ஆயின் எதைக் கொடுப்பவனைத் தேடி? பொருளைக் கொடுப்பவனையா, காலத்தையும் காலடியையும் கொடுப்பவனையா? சென்ற நூற்றாண்டில் தோன்றி உலகெங்கும் பரவிய சேவைச் சங்கங்களின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இவ்வினா பக்கந்தோறும் எதிர்ப்படும். ரோட்டரி சங்கம், அரிமா சங்கம் என்னும் பெயர்களை அறியாத சிற்றூரும் இன்று நம்மிடையே அரிது. ஆண்டுக்கொருமுறை அவர்தம் விழா மேடையில் பொன்னாடை போர்த்துவர், கேடயம் வழங்குவர், மனிதநேயப் பணிக்கெனச் சிலரைப் பெயர் சொல்லி அழைத்துப் பாராட்டுவர். இப்பாராட்டு எங்ஙனம் தோன்றிற்று, எந்த அளவுகோலால் அளக்கப்பட்டது, அவ்வளவுகோலைப் பின்னாளில் எது அசைத்தது என்பதை ரோட்டரியின் வரலாற்றைக் கொண்டு நோக்குவோம்.

1905 பிப்ரவரி 23 அன்று மாலை, அமெரிக்காவின் சிக்காகோ நகரில், டியர்பார்ன் தெருவின் யூனிட்டி கட்டடத்தில், 711 ஆம் எண் அறையில் நால்வர் கூடினர். அழைத்தவர் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர். வந்தவர்களில் ஒருவர் நிலக்கரி வணிகர். ஒருவர் சுரங்கப் பொறியாளர். மற்றவர் தையற்கடை நடத்துபவர். ஹாரிஸ் சிறுவயதில் வெர்மாண்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்டு என்னும் சிற்றூரில் பாட்டனார் வீட்டில் வளர்ந்தவர். முகமறிந்தோர் சூழ வாழ்ந்த அவருக்குப் பெருநகரின் தனிமை பொறுக்கவில்லை. நட்புக்காகவும், ஒருவர் தொழிலுக்கு மற்றவர் உதவுவதற்காகவும் அவர் தொடங்கிய கூட்டம் அது. ஒவ்வொருவர் அலுவலகத்திலும் முறைவைத்துச் சுழன்று கூடியதால் 'ரோட்டரி' எனப் பெயர் பெற்றது. தொண்டு என்னும் எண்ணம் அந்த முதல் மாலையில் இருந்ததாகத் தெரியவில்லை.

அது சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. சிக்காகோவின் மையப்பகுதியில் பொதுமக்களுக்குக் கழிப்பிடம் அமைத்திட வேண்டும் எனச் சங்கத்தார் முயன்றனர். அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. கழிப்பிடம் தேடி வருவோரைக் கொண்டு வாணிபம் செய்த மதுக்கடைக்காரரும் பெருங்கடைக்காரரும் எதிர்த்து நின்றனர். சங்கத்தார் விடாது முயன்று அதனைக் கட்டுவித்தனர். மேடையேற்றிப் பாராட்ட முடியாத இத்தகையதொரு பணியில் ரோட்டரியின் தொண்டு வரலாறு தொடங்குவது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பாராட்டின் வரலாறோ பணத்தோடு தொடங்குகிறது. 1917 இல் அட்லாண்டா மாநாட்டில், அவ்வாண்டின் தலைவர் ஆர்ச் கிளம்ப், உலகுக்கு நன்மை செய்வதற்கென ஒரு வைப்புநிதி வேண்டும் என முன்மொழிந்தார். வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். அதனைத் தந்தது கான்சாஸ் சிட்டி சங்கம். 1928 இல் அந்நிதி 'ரோட்டரி அறக்கட்டளை' எனப் பெயர் பெற்றும் பல்லாண்டு மெலிந்தே கிடந்தது. 1947 ஜனவரி 27 அன்று பால் ஹாரிஸ் மறைந்தார். தம் மறைவுக்கு மலர்வளையம் வேண்டா, அப்பணத்தை அறக்கட்டளைக்குத் தருக என்பது அன்னாரின் விருப்பம். ஒன்றரை ஆண்டுக்குள் 13 லட்சம் டாலர் வந்து குவிந்தது.

அந்நினைவு குளிர்ந்துவிடாதிருக்க 1957 இல் ஒரு சிறப்பு ஏற்படுத்தினர். அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் தருபவர் 'பால் ஹாரிஸ் ஃபெல்லோ' என அழைக்கப்படுவார். முதலில் சான்றிதழ் மட்டுமே. 1969 இல் ஹொனலூலு மாநாட்டில் பதக்கம் அறிமுகமாயிற்று. மேலும் ஓராயிரம் தந்தால் சட்டைச் சின்னத்தில் ஒரு நீலக்கல். பின்னும் தந்து கொண்டே போனால் மாணிக்கக்கல். அரிமா சங்கத்தாரும் 1973 இல் தம் நிறுவனர் மெல்வின் ஜோன்ஸ் பெயரால் இதே ஆயிரம் டாலர்ச் சிறப்பை ஏற்படுத்தினர். இரண்டரை லட்சம் டாலர் தந்தோர்க்கு ரோட்டரியில் தனியே ஒரு பேரவை உண்டு. அதற்குச் சூட்டப்பட்டது ஆர்ச் கிளம்பின் பெயர். இருபத்தாறரை டாலரில் தொடங்கிய மனிதர் அவர்!

இதனை எண்ணி நகைக்குமுன் நாம் நம் வீட்டையும் நோக்குதல் நன்று. திருமணப் பந்தலில் மொய் எழுதுகையில் தொகைக்கேற்பக் குரல் உயர்வதில்லையா? பள்ளிவாசல் சுவரில் சலவைக்கல்லில் பொறித்த பெயர்கள் இல்லையா? மின்விசிறியின் இறக்கை மூன்றிலும் நன்கொடையாளர் பெயரெழுதி, அது சுழலும்போது எவராலும் படிக்க முடியாது போகும் காட்சியையும் கண்டிருக்கிறோம். கொடுத்தவர் பெயரைச் சொல்வது மேலும் கொடுக்கத் தூண்டும் என்பது எல்லா ஊருக்கும் பொதுவான அனுபவ அறிவு.

எனினும் பால் ஹாரிஸ் சிறப்பில் நுட்பமான ஒரு வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது. பணம் தருபவர் அச்சிறப்பைத் தாமே சூடிக்கொள்ள வேண்டியதில்லை. பிறர் ஒருவர் பெயரால் தொகையைச் செலுத்தி, அவரைச் சிறப்புக்குரியவராக்கலாம். அவர் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதுமில்லை. போலியோத் தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சால்க், அமெரிக்கத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் முதலானோர் இச்சிறப்புப் பெற்றோர் பட்டியலில் உள்ளனர். அதே வழியில் ஓர் ஊரின் ஆசிரியரையோ செவிலியரையோ சங்கத்தார் தம் பணத்தால் சிறப்பிக்கவும் இயலும். பணம் ஒருவருடையது, மதிப்பு மற்றவருக்கு. இவ்வாசல் வழியே எத்தனை பேர் நுழைந்தனர் என்பதைப் பொறுத்தே ஒரு சங்கத்தின் தரத்தை நான் மதிப்பிடுவேன்.

பணத்தால் பெறவியலாத விருதுகளும் பின்னர் வந்தன. 'தன்னலத்தினும் தொண்டு மேல்' என்பது 1950 இல் ரோட்டரி ஏற்றுக்கொண்ட குறிக்கோளுரை. அதன் பெயராலேயே அமைந்த விருது உறுப்பினரின் உடலுழைப்புக்கும் நேரடித் தொண்டுக்கும் உரியது. உலகம் முழுமைக்கும் ஆண்டுக்கு 150 பேருக்கு மேல் அதனைத் தருவதில்லை. அளவுகோல் இங்ஙனம் மெல்ல மெல்லக் கையினின்று காலுக்கு இறங்கியது. அதனை முற்றிலும் அசைத்தது போலியோ.

இளம்பிள்ளை வாதம் என நாம் அஞ்சிய அந்நோயின் கிருமி தொற்றிய குழந்தைகளில் ஏறத்தாழ இருநூற்றில் ஒன்றையே முடமாக்கும். மற்றக் குழந்தைகளில் பெரும்பாலானவை நோயின் அறிகுறியின்றியே அதனைப் பரப்பும். ஆகவே ஊரில் ஒரு வீட்டை விட்டுவிட்டாலும் பணி நிறைவுறாது. பணக்காரர் கொடையால் மட்டும் முடிக்கவொண்ணாத வேலை இது என்பதற்கு நோயின் இயல்பே காரணம்.

1978-79 இல் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்தவர் ஆஸ்திரேலியக் கணக்கர் கிளெம் ரெனூஃப். பெரியம்மை ஒழிக்கப்பட்டதைப் பற்றிய கட்டுரை ஒன்றை விமானத்தில் படித்த அவர், அதுபோன்றே தம் சங்கத்தால் ஒழிக்கத்தக்க நோய் ஏதும் உண்டோ எனத் தம் நண்பரும் சங்க உறுப்பினருமான மருத்துவ அறிஞர் ஜான் சீவரைக் கேட்டார். போலியோ என விடை வந்தது. 1979 செப்டம்பர் 29 அன்று பிலிப்பைன்சில், மணிலாவை அடுத்த மக்காத்தியில், புதிய தலைவர் ஜேம்ஸ் போமர் தம் கையால் ஒரு குழந்தையின் வாயில் மருந்துத் துளிகளை இட்டார். அறுபது லட்சம் குழந்தைகளுக்கு மருந்தளிக்க 7,60,000 டாலர் ஒதுக்கப்பட்டது. சங்க உறுப்பினர் கையில் காசோலை போய்ச் சொட்டு மருந்துச் சிமிழ் வந்த நாள் அது.

1985 இல் உலகம் முழுவதற்குமான திட்டம் அறிவிக்கப்பட்டது. 12 கோடி டாலர் திரட்டுவதென இலக்கு வைத்தனர். 1988 இல் பிலடெல்பியா மாநாட்டில் கணக்கிட்டபோது 24 கோடி 70 லட்சம் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை போலியோவை ஒழிப்பதெனத் தீர்மானித்தது. அன்று 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை லட்சம் குழந்தைகள் முடமாகிக் கொண்டிருந்தனர். ரோட்டரி அப்பணிக்கு இதுவரை தந்தது 200 கோடி டாலருக்கும் மேல். அதில் ஆயிரம் ஆயிரமாய்ப் பதக்கத்துக்கெனத் தந்தோர் பங்கும் உண்டு. அதனை மறைப்பது நன்றி மறத்தலாகும்.

நம் தமிழ்நாட்டின் வேலூருக்கும் இதில் இடமுண்டு. ஓர் ஊரின் குழந்தைகள் அனைவர்க்கும் ஒரே வேளையில் சொட்டு மருந்து அளித்துக் கிருமிக்கு இடமில்லாது செய்யலாம் என்பதைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நச்சுயிரியல் பேராசிரியர் டி. ஜேக்கப் ஜான் 1980களில் வேலூரிலேயே செய்து காட்டினார். ஊர் ரோட்டரி சங்கத்தார் துணை நின்றனர். 1995 டிசம்பரில் இந்தியா முழுவதும் தொடங்கிய போலியோ ஞாயிறுகளுக்கு அம்முயற்சி ஒரு முன்னோடி.

தெற்கே நோய் விரைவில் அடங்கியது. வடக்கே, உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் அது வேரூன்றி நின்றது. 2002 இல் நாடெங்கும் 1,600 குழந்தைகள் முடமாயினர். அவர்களில் 1,242 பேர் அந்த ஒரே மாநிலத்தார். நோயுற்றோரில் முஸ்லிம் குழந்தைகளின் பங்கு மக்கள்தொகையில் அவர்தம் பங்கைவிட மிகுந்திருந்தது. காரணம் ஒன்றன்று. நெருக்கமான குடியிருப்பு, அழுக்குநீர், ஓயாத வயிற்றுப்போக்கினால் மருந்து உடலில் நில்லாமை ஆகியன ஒருபுறம். மறுபுறம் அச்சம். இம்மருந்து பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் என்னும் வதந்தி மொராதாபாத்தின் சந்துகளில் உலவியது.

அவ்வதந்தியை வெறும் அறியாமை எனத் தள்ளிவிடுதல் நேர்மையன்று. 1975-77 நெருக்கடிநிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடைக்கு ஆளான மாநிலம் அது. முஸஃபர்நகரில் அதனை எதிர்த்தோர் மீது துப்பாக்கிச் சூடு நடந்ததை மக்கள் மறந்திலர். காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்து கேட்டால் கைவிரிக்கும் மருத்துவமனை, கேளாத மருந்தை ஆண்டுக்குப் பலமுறை வீடு தேடி வந்து தருவதேன் என அவர்கள் ஐயுற்றதும் இயற்கையே. ஊசியும் துளியும் மட்டும் போதா, நம்பிக்கை வேண்டும். அதனை எந்த அறக்கட்டளையிலிருந்தும் விலைக்கு வாங்க முடியாது.

இவ்விடத்தில் ரோட்டரி உறுப்பினர்கள் செய்ததை வரலாறு பாராட்ட வேண்டும். அவர்கள் உலமாப் பெருமக்களை நாடிச் சென்று, அவர்களைக் கொண்டே ஒரு குழு அமைத்தனர். இதன் அருமை நம் வாசகர்க்கு நன்கு விளங்கும். அரபு நாடுகளின் மார்க்க மன்றங்கள் சில, ஃப்ரீமேசன் அமைப்போடு சேர்த்து ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களையும் ஐயத்துடன் நோக்கி, முஸ்லிம்கள் அவற்றில் சேரலாகாது எனத் தீர்ப்பளித்ததுண்டு. அத்தகைய சங்கத்தார் வந்து கதவைத் தட்டியபோது ஆலிம்கள் திறந்தனர். சங்கத்தில் சேருவது வேறு, ஒரு குழந்தையின் காலைக் காப்பது வேறு எனப் பகுத்தறிந்த தெளிவு அது. ஜும்ஆ நாளில் கதீப்மார்கள் சொட்டு மருந்து பற்றி எடுத்துரைத்தனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முகாம் நாள் அறிவிக்கப்பட்டது. மதரஸாக்கள் மருந்தளிக்கும் இடங்களாயின. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லியாவும் ஜாமிஆ ஹம்தர்தும் தம் மாணவர்களையும் ஆசிரியர்களையும் இப்பணியில் ஈடுபடுத்தின. சங்கத்தார் தம் பங்குக்குப் பொது மருத்துவ முகாம்கள் நடத்தி, காய்ச்சலுக்கும் மருந்து தந்தனர். மக்கள் கேட்டது அதைத்தானே!

போலியோ இல்லா உலகுக்கான பன்னாட்டுப் பணி விருது என ரோட்டரியில் ஒன்று உண்டு. போலியோ ஒழிப்பில் உறுப்பினர் தாமே ஆற்றிய நேரடிப் பணிக்குத் தரப்படுவது. ஆயிரம் டாலருக்குக் கிடைப்பதன்று. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டி நடந்தவர்க்கும், மறுத்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து பேசியவர்க்கும் உரியது. 1957 இன் அளவுகோலுக்கும் இதற்கும் உள்ள தொலைவே ஒரு சங்கம் தொண்டைக் கற்றுக்கொண்ட தொலைவு என்பேன்.

எனினும் இவ்விருதும் உறுப்பினர்க்குரியது. உறுப்பினர் யார்? 1989 வரை ரோட்டரியின் விதிப்படி ஆடவர் மட்டுமே. கலிபோர்னியாவில் துவார்த்தே ஊர்ச் சங்கம் பெண்களைச் சேர்த்ததால் விலக்கப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1987 இல் அச்சங்கத்தின் பக்கம் தீர்ப்பான பின்னரே விதி மாறியது. மேடையில் மாலை பெற்ற பலரின் மனைவியரும் சகோதரியரும் அதே பணியை மேடைக்குக் கீழிருந்து செய்த காலம் அது.

உத்தரப் பிரதேசத்தின் வீட்டுவாசலிலும் அதுவே கதை. அந்நிய ஆடவர் நுழையவொண்ணாத முற்றங்களுக்குள் சென்றவர்கள் பெண்கள். யுனிசெஃப் முதலிய அமைப்புகள் அமர்த்திய அவர்களில் பெரும்பாலோர் அதே மொஹல்லாவில் வாழ்வோர். எந்த வீட்டில் யார் கருவுற்றுள்ளார், எங்கே குழந்தை பிறந்தது என்பதைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தவர்கள். மருந்து பெற்ற குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைப்பர். வீட்டுச் சுவரில் சுண்ணக்கட்டியால் 'பி' என எழுதினால் பணி முடிந்தது என்று பொருள். 'எக்ஸ்' என எழுதினால் மீண்டும் வரவேண்டும் என்று பொருள். அந்த 'எக்ஸ்' குறியை அழித்து 'பி' என எழுத ஒரு பெண்மணி எத்தனை முறை அவ்வாசற்படி ஏறினார் என்பதை எந்த விருதுப் பட்டியலும் சொல்லாது. ஒரு தேசியச் சுற்றில் 17 கோடிக் குழந்தைகளுக்கு மருந்தளிக்க ஏறத்தாழ 23 லட்சம் பேர் உழைத்தனர். இத்தனை பேருக்குப் பதக்கம் வார்க்க முடியுமா என்று கேட்பார் உண்டு. பதக்கம் வேண்டா, பால் ஹாரிஸ் சிறப்பின் அந்த மறுவாசல் திறந்துதானே இருக்கிறது? ஊருக்கு ஒருவரையேனும் அதன் வழியே அழைத்து வரலாமே!

2009 இல் 741 ஆக இருந்த எண்ணிக்கை 2010 இல் 42 ஆகியது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்காளத்தின் ஹவுராவில் ஒரு சிறுமிக்கு வாதம் கண்டது. இந்தியாவில் இயற்கைக் கிருமியால் வந்த இறுதி நோய் அதுவே. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றது எனச் சான்றளிக்கப்பட்டது.

நைஜீரியாவின் கானோ மாநிலமும் 2003 இல் இதே அச்சத்தால் மருந்தை நிறுத்தியது. நோய் எல்லை கடந்து பல நாடுகளுக்குப் பரவிற்று. இந்தோனேசியாவில் செய்த மருந்தைக் கொண்டு 2004 இல் அங்கு பணி மீண்டும் தொடங்கியது. முஸ்லிம் நாட்டில் செய்த மருந்து என்பதால் ஐயம் அகன்றது. 2020 ஆகஸ்டு 25 அன்று ஆப்பிரிக்க வட்டாரமும் சான்று பெற்றது.

எஞ்சியவை பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும். 2011 இல் அப்போத்தாபாதில் ஒரு மனிதரைத் தேடிப்பிடிக்க அமெரிக்க உளவுத்துறை தடுப்பூசி முகாம் என்னும் வேடம் புனைந்தது. அவ்வஞ்சகம் வெளிப்பட்டபின், ஐஸ் பெட்டியுடன் வருவோர் அனைவரும் ஒற்றர் என்னும் பேச்சுக்கு வலு வந்தது. அதன் விலையைக் கொடுத்தவர்கள் உளவாளிகள் அல்லர். 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் வட்டாரத்திலும் சொட்டு மருந்து தரச் சென்றோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சொற்ப ஊதியத்துக்கு வேலை செய்தவர்கள். எந்தச் சங்கத்தின் உறுப்பினர் ஏட்டிலும் பெயரில்லாதவர்கள். பின்வந்த ஆண்டுகளிலும் கொலைகள் தொடர்ந்தன. காவலுக்குச் சென்ற காவலர்களும் மாண்டனர்.

2023 இல் அவ்விரு நாடுகளிலும் ஆறாறு குழந்தைகளே நோயுற்றனர். முடிவு நெருங்கிற்று என்றனர். 2024 இல் பாகிஸ்தானில் 74, ஆப்கானிஸ்தானில் 25 என எண்ணிக்கை ஏறியது. பாகிஸ்தான் ரோட்டரி உறுப்பினர்கள் பணியை விட்டிலர். ஒவ்வொரு சுற்றுக்கும் வீடுகளை நோக்கிப் பெட்டியைத் தூக்கிப் புறப்படுவோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் பெண்களே.